சார்ஜன் மிதித்த இடம்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் பத்தே நாள். ஊரெல்லாம் உடுப்புத் தைக்கக் கொடுத்துவிட்டுச் சந்தோசமாகத் திரிகிறது. றமீலாவுக்கு மட்டும் வாயில் வைத்த சோறு தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது. காரணம், அவள் வீட்டில் நிற்கிற ஓர் ஆடு.

ஆட்டுக்குப் பயப்படுகிற பெண்ணும் உண்டா என்று சிரிக்க வேண்டாம். அந்த ஆடு இல்லாமல் போய்விடுமோ என்பதுதான் அவளுடைய பயம். ஆடு போனால் புருசன் போய்விடுவான், புருசன் போனால்... அதற்குமேல் அவள் நினைப்பதில்லை. நினைக்கத் தொடங்கினாலே கை தன்னால் கழுத்துக்குப் போய்விடும்.

புருசன் பெயர் இன்ஸாப். ஹல்துமுல்லையில் மெயின் ரோட்டு வளைவுக்கு மேலே, தேயிலை மலை வந்து முடிகிற இடத்தில் அவர்கள் வீடு. முன்னறையில் ரேடியோ, டோர்ச், ரைஸ் குக்கர் திருத்துவது அவன் தொழில். அதற்கு முன் ஆறு வருசம் ஆமியில், மிதிவெடி தோண்டி எடுக்கிற பிரிவில் இருந்தான். கையும் காலும் கண்ணும் முழுசாக வீடு வந்து சேர்ந்தவன் என்பதால், ஊரின் பார்வையில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. அவனும் யார் கேட்டாலும், "எனக்கு ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்லுவான். அந்த ஒரு வசனத்தைச் சொல்லிச் சொல்லியே மனிதன் பத்துப் பதினைந்து வருசத்தை ஓட்டிவிட்டான்.

ஒன்றுமில்லாத அந்த மனிதன் புல்லில் கால் வைக்க மாட்டான். தார் ரோட்டிலும் சீமெந்துப் படியிலும்தான் நடப்பான். ரோட்டில் லொறி டயர் வெடித்தால் மேசைக்குக் கீழே போய்ச் சுருண்டுகொள்வான். வெளியே வர அரைநாள் செல்லும். கல்யாணமான புதிதில் ஒருநாள் தூக்கத்திலேயே றமீலாவின் கழுத்தைப் பிடித்துவிட்டான். விழித்ததும் தன் கைகளைப் பார்த்துப் பார்த்து அழுதான், பாவம். கன்றிப்போன கழுத்தை அவள் ஒரு கிழமை முந்தானையால் மூடிக்கொண்டு திரிந்தாள். பெற்ற உம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை.

ஆமியில் என்ன நடந்தது என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னான். மன்னார்ப் பக்கம் ஒரு நிலத்தைக் குத்திப் பார்த்துவிட்டு, "சரி, வா" என்று கூட்டாளியைக் கூப்பிட்டானாம். கூட்டாளி வந்தானாம். அவ்வளவுதான் கதை. அதற்குப் பிறகு இன்ஸாப் எந்த இடத்தைப் பற்றியும் சரி என்று சொன்னதில்லை.

இரண்டு வருசத்துக்கு முன் ஒருநாள், ஈயக் கம்பி வாங்கி வருகிறேன் என்று அப்புத்தளைக்குப் போனவன் வீடு வரவில்லை. மூன்றாம் நாள் கொழுந்து பறிக்கப் போன பெண்கள், தோட்ட ரோட்டுக்குக் கீழே தண்ணீர் போகிற கொங்கிறீட் குழாய்க்குள் அவனைக் கண்டார்கள். நிலமெல்லாம் வெடி நிறைஞ்சிருக்கு, யாரும் வரவேண்டாம் என்று உள்ளேயிருந்து கத்தினானாம். இழுத்தெடுத்துப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒன்பது நாள் சுவரைப் பார்த்தபடி கிடந்தான். தண்ணீர்கூட ஊட்டித்தான் விட வேண்டியிருந்தது.

ஒன்பதாம் நாள் வார்ட்டு விறாந்தையில் நின்று றமீலா கை ஏந்தினாள். பக்கத்தில் இன்ஸாபின் மூத்த சகோதரி உம்மு குல்தூம், பண்டாரவளையிலிருந்து வந்து நின்றாள். வீட்டில் அப்போதுதான் ஒரு கிடாக்குட்டி வந்திருந்தது. றமீலாவுக்கு வாயில் வந்தது அதுதான்.

"யா அல்லாஹ், என்ட மாப்புள சுகமாகி எழும்பினா, வீட்டுல நிக்கிற கிடாக்குட்டிய வயசு வந்ததும் பெருநாளைக்கு அறுத்துக் குர்பான் குடுக்கிறேன்."

உம்மு குல்தூம் "ஆமீன்" என்றாள். மறுநாள் இன்ஸாப் எழும்பி உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டான்.

அந்தக் குட்டி, பக்கத்துத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருக்கிற கருப்பம்மா கொடுத்தது. தாய் ஆட்டைச் சிறுத்தை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மூலையில் ஒண்டிக்கிடந்த குட்டி மட்டும் தப்பியது. "மலைக்குப் போற பொம்பள நானு, இதுக்குச் சூப்பிப் போத்தல்ல பாலு குடுக்க நேரமிருக்கா? நீயே வச்சுக்க தங்கச்சி. சத்தம் கேட்டா நடுங்குது, பாத்து வளத்துக்க" என்று மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

நடுங்குகிற குட்டியும் நடுங்குகிற மனிதனும் ஒரே வீட்டில். விளங்குமா இந்த வீடு என்றுதான் றமீலா நினைத்தாள். இன்ஸாப் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு கிழமை இருக்கும். பட்டப்பகலில் ரோட்டில் ஒரு டயர் வெடித்தது. அவன் மேசைக்குக் கீழே. குட்டியும் பயந்துபோய் அதே மேசைக்குக் கீழே ஓடி, அவன் அக்குளுக்குள் தலையைச் செருகிக்கொண்டது. அவன் அதன் முதுகில் கை வைத்தான். அது நடுங்கியது, அவன் தடவினான். தடவத் தடவ அதற்கு நடுக்கம் நின்றது; அவனுக்கும் நின்றது. அரைநாள் செல்ல வேண்டிய இடத்தில் பத்து நிமிசத்தில் வெளியே வந்து, "இதுக்குப் பசிக்குது போல" என்றான்.

அன்றைக்கே அதற்குச் சார்ஜன் என்று பெயரும் வைத்தான். ஆமியில் தான் வெறும் கோப்ரல். ஆடு தன்னைவிட ஒரு படி மேலேயாம்! சார்ஜன் அவர்கள் கட்டிலுக்குக் கீழே படுத்தது. தூக்கத்தில் அவன் உடம்பு உதறத் தொடங்கினால் எழும்பிக் கையில் முட்டும். அவன் கண் விழிப்பான். அது அசைபோடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே திரும்பத் தூங்குவான். சார்ஜன் முன்னால் நடந்தால் புல்லிலும் இறங்கினான், அது மிதித்த இடமாகப் பார்த்துப் பார்த்து. ஆடு தொழுகைப் பாயின் குஞ்சத்தைத் தின்றது, புழுக்கை போட்ட இடத்தையெல்லாம் கழுவிக் கழுவி றமீலாவின் இடுப்பு ஒடிந்தது. ஆனாலும் அவள் ஒரு வார்த்தை ஏசியதில்லை. ஏனென்றால் இரண்டு வருசமாக அவள் தூங்குகிறாள்.

கிளினிக்கில் டொக்டர் நோனாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "வெளிநாட்டுல இப்படிப்பட்ட சோல்ஜர்மாருக்கு நாய் குடுக்கிறாங்க" என்றார். "வீட்டுல நாய் வளக்க எங்களுக்கு ஏலா, டொக்டர்" என்றாள் றமீலா. "அப்ப ஆடு நல்லது. ஆட்டை விட்டுராதீங்க" என்று கொப்பியிலும் எழுதினார். நேர்ச்சையைப் பற்றி றமீலா வாய் திறக்கவில்லை.

இப்படி மூடி வைத்த விசயத்தைத்தான் உம்மு குல்தூம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கொண்டுவந்து இறக்கினாள். இன்ஸாப் முன்னறையில் யாரோடோ பேசிக்கொண்டிருக்க, குசினிக்குள் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"றமீலா, ஆட்டுக்கு ரெண்டு வயசு முடிஞ்சிட்டு. ஞாபகம் ஈக்கா?"

"ஈக்கி ராத்தா."

"நேர்ந்த குர்பான். எங்கட வாயில ஒரு துண்டு படக்கூடாது, முழுக்க ஏழைகளுக்குக் குடுக்கணும். வெள்ளிக்கிழம பள்ளிவாசல் ஹஸ்ரத்தோட பேசி நாள் நேரம் வெப்பம்."

"ராத்தா, அவர் அந்த ஆட்டோட..." றமீலாவுக்கு அழுகை முட்டியது. "அது இல்லாட்டி அவருக்கு ஏலா."

"அல்லாவுக்குக் குடுக்கிறேன்டு செல்லிட்டு ஒளிச்சு வெக்கிறதா? அது யார்ட தலையில எறங்கும்டு யோசிச்சியா? ஒனக்கு ஒண்ணும் ஆகாது புள்ள. என்ட தம்பிட தலையிலதான் எறங்கும்." சொல்லும்போது உம்மு குல்தூமின் குரலும் உடைந்தது. கெட்டவள் என்று யாரும் எண்ணிவிடாதீர்கள். தாய் இல்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்.

றமீலா கணக்குப் போட்டுப் பார்த்தாள். கொடுத்தாலும் அவனுக்குத்தான் கேடு, கொடுக்காவிட்டாலும் அவனுக்குத்தான் கேடு. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் கழுத்தில்தான் கத்தி.

இரண்டு நாள் உருண்டு புரண்டு யோசித்தாள். ஒருவேளை அவன் உண்மையிலேயே சுகமாகிவிட்டானோ? ஆடு இல்லாமலும் தாங்குவானோ? ஒரு நாள் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் அல்லவா? பயத்தில் வந்த புத்தி, வேறென்ன. செவ்வாய்க்கிழமை காலையில் சார்ஜனைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போய்க் கருப்பம்மாவின் லயத்தில் கட்டிவிட்டு வந்தாள்.

"சார்ஜன் எங்க?" என்றான் இன்ஸாப்.

"கருப்பம்மாட பெட்டை ஆட்டுக்கு வேணுமாம். பின்னேரம் வந்துரும்."

"ஆ, சரிதான்" என்று சிரித்துவிட்டு வேலையில் குனிந்தான். மூன்று மணி வரைக்கும் ஒரு குறையுமில்லை. ரைஸ் குக்கர் ஒன்றைத் திருத்திக் கொடுத்தான், பகல் சோற்றை முழுசாகச் சாப்பிட்டான். றமீலாவின் நெஞ்சில் ஒரு சின்ன நம்பிக்கை எட்டிப் பார்த்தது. மழை தூறத் தொடங்கியது. இரவுக்குப் பருப்பை அடுப்பில் வைத்தாள்.

அன்றைக்குத் தோட்டத்து அம்மன் கோயில் தேர் என்பது அவள் புத்தியில் இல்லாமல் போய்விட்டது. இத்தனை வருசம் பக்கத்தில் இருக்கிறாள், ஒவ்வொரு வருசமும் வெடிச் சத்தத்துக்கு முன்னாலேயே ஜன்னலெல்லாம் அடைத்துவைப்பாள். இந்த வருசம் ஆட்டு யோசனையில் அதை மறந்தே போனாள்!

மலைக்கு அந்தப் பக்கம் ஆயிரம் வாலா படபடவென்று வெடித்தது. அடுத்து யானை வெடி, ஒன்று, இரண்டு. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

றமீலா திரும்பினாள். குசினி வாசலில் இன்ஸாப் குப்புறப் படுத்துக் கிடந்தான். கையில் மரக்கறி வெட்டுகிற கத்தி.

"அசையாத" என்றான். அது அவன் குரலே இல்லை. மெல்லிய, தெளிவான, அந்நியமான குரல். "நீ நிக்கிற இடம் மட்டும்தான் நல்லம். ஒரு அடி எடுத்து வெச்சா முடிஞ்சி. நான் வாறேன்."

"இங்க பாருங்க, இது எங்கட குசினி..."

"பேசாத!"

அவன் கத்தி முனையைச் சாய்த்துச் சீமெந்துத் தரையில் குத்தினான். டிக். இரண்டு விரல் தள்ளி இன்னொரு குத்து. டிக். வலமிருந்து இடம் ஒரு வரிசை முடித்து, முழங்கையால் அரை அடி ஊர்ந்து, அடுத்த வரிசை. சீமெந்தில் குத்திக் குத்திக் கத்தியின் முனை மடங்கியது. நெற்றி வியர்வை தரையில் சொட்டியது. அவளுக்கும் அவனுக்கும் இடையில் பத்து அடி இருக்கும். அந்தப் பத்து அடியும் அவன் கண்ணுக்கு வேறு ஏதோ ஒரு நிலம்.

றமீலா அடுப்போடு ஒட்டி நின்றாள். பருப்பு வற்றிச் சட்டி பிடித்து, புகை மூக்கில் ஏறியது. அடுப்பை நிறுத்தக் கை நீட்டினாள், "அசையாத!" என்று அவன் போட்ட சத்தத்தில் கையை இழுத்துக்கொண்டாள். ஓடினால் தடுக்கப் பாய்வான். பாய்கிறவன் கையில் கத்தி. அவன் தன்னைக் கொல்ல வரவில்லை, காப்பாற்றத்தான் வருகிறான் என்பது அவளுக்குத் தெரியும். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. என்ன சொல்லி நிறுத்துவது? தெரிந்த ஓதல்களெல்லாம் வாயில் குழம்பின. எவ்வளவு நேரம் நின்றாளோ, கால் மரத்துப்போனது. மலையில் இன்னொரு வெடி. அவன் தலையைப் பொத்திக்கொண்டு படுத்து, திரும்பவும் முதலாவது வரிசையிலிருந்து குத்தத் தொடங்கினான்.

அப்போதுதான் பின்வாசல் கதவு படாரென்று திறந்தது.

சார்ஜன்! கழுத்தில் அறுந்த கயிறு, உடம்பெல்லாம் மழை, காலெல்லாம் சேறு. வெடிக்குப் பயந்து கயிற்றை அறுத்துக்கொண்டு வந்திருக்கிறது. அது யாரையும் காப்பாற்ற வரவில்லை. தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் வீட்டுக்கு ஓடி வந்தது.

"வராத! சார்ஜன், வராத!" என்று அலறிவிட்டு இன்ஸாப் முகத்தைத் தரையில் புதைத்தான்.

ஆட்டுக்கு அவன் நிலமும் தெரியாது, வெடியும் தெரியாது. டக், டக், டக் என்று குசினிக்குக் குறுக்காக நடந்து அவனிடம் போய்த் தலையால் முட்டியது. அவன் எழும்பவில்லை. பிறகு றமீலாவிடம் வந்து அவள் காலில் உடம்பைத் தேய்த்தது. கீழே கிடந்த வெங்காயத் தோலை முகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றபடியே அசைபோடத் தொடங்கியது.

அந்தச் சத்தத்துக்குத்தான் இன்ஸாப் தலை தூக்கினான்.

சீமெந்துத் தரையில், அவனிடமிருந்து றமீலாவின் கால்வரைக்கும், சேற்றுக் குளம்படிகள் வரிசையாகக் கிடந்தன. அவன் வெகுநேரம் அதைப் பார்த்தான். கத்தியைத் தரையில் வைத்தான். எழும்பி, ஒரு குளம்படியில் ஒரு கால், அடுத்ததில் மற்றக் கால் என்று மெல்ல நடந்து வந்தான். வந்து அடுப்பை நிறுத்தினான். "சட்டி எரிஞ்சி போய்த்து" என்றான். அது அவனுடைய சொந்தக் குரல்.

றமீலா அப்படியே சரிந்து உட்கார்ந்து ஆட்டின் ஈரக் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள். மூச்சு வாங்க ஓடிவந்த கருப்பம்மா, "அய்யோ தங்கச்சி, கயித்த அறுத்துக்கிட்டு வந்துருச்சுங்க" என்று வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனாள்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு றமீலா எல்லாவற்றையும் சொன்னாள். வார்ட்டு விறாந்தை, கிடாக்குட்டி, ராத்தா, இன்றைக்கு ஆட்டைக் கொண்டுபோய்க் கட்டியது எல்லாம். ஏசுவான், அழுவான் என்று பார்த்தாள். அவன் ஆட்டின் காதைத் தடவிக்கொண்டே கேட்டிருந்தான்.

"நேர்ந்ததுண்டா குடுக்கத்தான் வேணும்" என்றான்.

"அப்ப நீங்க?"

"எனக்கு ஒண்ணுமில்ல."

மறுநாள் காலை அவன் முகம் வழிக்கவில்லை. வழமையாக வாளிப் பக்கத்தில் கிடக்கிற ரேசர் அலுமாரி உச்சியில் இருந்தது. குர்பான் கொடுக்கிறவர் பெருநாள் வரைக்கும் முடியும் நகமும் வெட்டுவதில்லை. அதைப் பார்த்ததும் றமீலாவுக்கு விளங்கிவிட்டது. வாயால் சொன்னதைக்கூட மாற்றலாம். இந்த மனிதன் ரேசரைத் தூக்கி வைத்துவிட்டானே! வியாழக்கிழமை ஆட்டைக் குளிப்பாட்டினான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலுக்குப் பக்கத்து வீட்டில் மொஹிதீன் ஹஸ்ரத் முன்னால் எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஹஸ்ரத் என்றால் தாடி நரைத்த மனிதரல்ல. வயது முப்பது இருக்காது, போன மாசம்தான் இந்த ஊருக்கு வந்தவர். உம்மு குல்தூமின் சத்தத்துக்கே கொஞ்சம் பயந்தவர்போல இருந்தார். இன்ஸாப் சார்ஜனையும் கூட்டிவந்திருந்தான். அது முற்றத்துச் செம்பருத்தியில் பாதியை ஏற்கெனவே முடித்துவிட்டது.

"பெருநாள் தொழுகை முடிஞ்ச கையோட அறுத்துருவம் ஹஸ்ரத்" என்றாள் உம்மு குல்தூம்.

"நல்லது. நேர்ந்தது ஆரு?"

றமீலா கை தூக்கினாள்.

"என்ன வசனம் சென்னீங்க? அப்படியே செல்லுங்க."

"என்ட மாப்புள சுகமாகி எழும்பினா..." அதற்குமேல் அவளுக்கு வரவில்லை. மீதியை உம்மு குல்தூம் சொல்லி முடித்தாள்.

ஹஸ்ரத் கொஞ்சம் யோசித்தார். "அப்ப இது சுகமானா எண்டு வெச்ச நேர்ச்சை. சுகமாகினாத்தான் கடமை. எழும்பிட்டாரு, அது தெரியுது. சுகமாகிட்டாரா?"

"அல்ஹம்துலில்லாஹ், நல்ல சுகம்!" என்றாள் உம்மு குல்தூம். "பண்டாரவளையில எல்லாருக்கும் செல்லிட்டேன். கடையும் நடத்துறாரு. ஒரு குறையுமில்ல."

ஹஸ்ரத் இன்ஸாபைப் பார்த்தார். "நீங்கதான் செல்லணும், இன்ஸாப் நானா."

வரப்போகிற பதில் றமீலாவுக்குத் தெரியும். பதினைந்து வருசமாக அதே பதில்தானே. அவளே எழும்பிச் சொல்லிவிடலாம், குசினி, கத்தி, கழுத்து எல்லாவற்றையும். ஆனால் தன் புருசனை நாலு பேர் முன்னால் அப்படி உரித்துக் காட்ட அவளால் முடியவில்லை. விரல்கள் முந்தானையைப் பிசைந்தன.

"எனக்கு ஒண்..." என்று தொடங்கினான் இன்ஸாப். முற்றத்தில் சார்ஜன் அசைபோடுகிற சத்தம் கேட்டது. அவன் நிறுத்தினான்.

"இல்ல ஹஸ்ரத்" என்றான். "எனக்குச் சுகமில்ல."

"தம்பி!" என்றாள் உம்மு குல்தூம்.

"சுகமில்ல ராத்தா. செவ்வாக்கிழம குசினி நிலத்தக் கத்தியால குத்திட்டு ஈந்தேன். இவ அடுப்படியில நிண்டு நடுங்கிட்டு ஈந்தா. முந்தி ஒருநாள் இவட கழுத்தப் புடிச்சேன். ஒருத்தருக்கும் தெரியா. எனக்கு எப்பவும் பயமா ஈக்கி. இப்ப இந்த வாசப்படியில எறங்கவும் பயமா ஈக்கி."

உம்மு குல்தூம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எழும்பி வந்து றமீலாவின் முந்தானையைக் கழுத்துப் பக்கம் மெல்ல விலக்கிப் பார்த்தாள், இத்தனை வருசத்துக்குப் பிறகும் அங்கே ஏதோ இருக்கப்போகிறது என்பதுபோல. "எனக்கிட்டயாவது செல்லிக்கலாமே புள்ள" என்றாள்.

ஹஸ்ரத்தின் கண்ணும் கலங்கியிருந்தது. "அப்ப கடமை இன்னும் வரல்ல" என்றார். "அல்லாஹ் சுகத்தத் தரட்டும். தந்தா வாங்க."

வீட்டுக்குத் திரும்பும்போது சார்ஜன் ரோட்டை விட்டுத் தேயிலைக்குள் இறங்கியது. அது மிதித்த இடத்தில் இன்ஸாப் கால் வைத்தான். அவன் மிதித்த இடத்தில் றமீலா கால் வைத்தாள். சந்தோசத்தில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கொஞ்சத் தூரம் போனதும்தான் ஹஸ்ரத்தின் கடைசி வார்த்தை அவள் மண்டைக்குள் ஏறியது. தந்தா வாங்க. இனி இந்த மனிதன் நன்றாகத் தூங்குகிற ஒவ்வொரு நாளும், பயமில்லாமல் புல்லில் இறங்குகிற ஒவ்வொரு நாளும், கத்தி இந்த ஆட்டுக்கு ஓரடி கிட்ட வரும். சுகத்துக்கும் துஆக் கேட்க வேண்டும். அது வந்துவிடுமோ என்றும் பயப்பட வேண்டும்.

இன்ஸாப் நின்று திரும்பிப் பார்த்தான். மூன்று நாள் வழிக்காத முகத்தில் என்னவோ ஒரு குறும்பு. அவனுக்கும் அதே யோசனைதான் போலும்.

"றமீலா, நான் நல்லாகிட்டேன்டு மட்டும் ஆருக்கும் செல்லிராத" என்றான்.

சொல்லிவிட்டுச் சிரித்தான். வாய்விட்டு, தோள் குலுங்க. அப்படி அவன் சிரித்து அவள் கேட்டதே இல்லை. முன்னால் போன சார்ஜன் காதைத் திருப்பிக் கேட்டது.

றமீலாவுக்கும் சிரிப்பு வந்தது. ரோட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு அவன் கையைப் பிடித்தாள்.

"மெல்லமாச் சிரிங்க" என்றாள். "ஆருக்கும் கேட்டுரும்."